இருபது டாலர் கூடுதல்

திங்கள், புதன், வெள்ளி.
நான்கு மணி நேரம்.
இடது கை அவர்களுடையது,
வலது கை என்னுடையது.
அது சும்மா இருக்க மாட்டாமல்
தேய்த்துக்கொண்டிருக்கிற பித்தளைத் தகட்டில்
உன் பெயர், ஹால்வர் ட்வெய்ட்.

ஜன்னலோர நாற்காலி இது ஒன்றுதான்.
மற்ற இரண்டும் சுவரைப் பார்க்கின்றன,
அவற்றில் ஆள் இருக்கிறது.
முதல் நாள் மரிவிக் இதில் உட்காரச் சொன்னபோது
வேறு இல்லையா என்றேன்.
இருக்கிறது மிஸ்டர் ஸவாடா, சாஸ்கட்டூனில், என்றாள்.
சாஸ்கட்டூன் இருநூற்றுப் பத்து கிலோமீட்டர்.
ஒரு குளிர்காலம் முழுக்கப் போய்வந்த சாலை.
பனிப்புயலில் பள்ளத்தில் இறங்கிய வண்டிக்குள்
மெழுகுவர்த்தி ஒன்றை ஏற்றிவைத்து
விடியும்வரை அதையே பார்த்திருக்கிறேன்.
உட்கார்ந்தேன்.

முப்பத்தோரு வருஷம் நாம் பேசவில்லை.
உன் சதுப்பு வடிய நீ வெட்டிய வாய்க்கால்
என் பார்லியில் வந்து முடிந்தது.
முப்பது ஏக்கர் வாத்துகளுக்குப் போனது,
வக்கீலுக்குப் போனது அதைவிட அதிகம்.
நீ லூத்தரன், நான் உக்ரேனியன்,
ஞாயிற்றுக்கிழமைகளில் நம்மைச் சேர்த்துப் பார்க்கும் சங்கடம்
கடவுளுக்கு இருந்ததில்லை.
சந்தித்ததெல்லாம் தபால் நிலையத்தில்,
முதுகும் முதுகுமாக.

அந்தச் சுவரில்தான் ஒட்டினார்கள் பட்டியலை.
டயாலிசிஸ் இயந்திரம் மூன்று, நாற்காலி மூன்று.
அரசாங்கம் ஆளைத் தருமாம்,
சாமானை ஊர் வாங்க வேண்டுமாம்.
டோரீனின் கோணல் கையெழுத்தில் யார் யார் எவ்வளவு.
பள்ளிப் பிள்ளைகள் பாட்டில் பொறுக்கி விற்றது, நூற்றுப் பதினான்கு.
பெரோகி விருந்து, இரண்டாயிரத்துச் சொச்சம்.
கர்லிங் அரங்கில் ஒரே கேக் ஐந்து தடவை ஏலம் போனது;
எடுத்தவன் எல்லாம் திருப்பிக் கொடுத்தான்,
கடைசியில் தின்றது யாரென்று இன்றுவரை தெரியாது.
ஹால்வர் ட்வெய்ட், இருநூறு.

அப்போது என் சிறுநீரகம் இரண்டும் சொன்னபடி கேட்டன.
நோயாளிகளை நினைத்துக் கொடுத்தேன் என்றால்
பொய்.
இருநூற்று இருபது என்று எழுதச் சொன்னேன்.
அடுத்த வாரம் உன் பெயர் மறுபடி, முன்னூறு.
முன்னூற்று இருபது.
நீ ஒரு கன்றை விற்றாய்,
நான் பழைய டிராக்டரை.
ஊர் சிரித்தது.
டோரீன் மட்டும் சிரிக்காமல்
தாளை மாற்றி மாற்றி ஒட்டினாள்,
நம் பெயர்களை அடுத்தடுத்து வைத்து.
கெட்டிக்காரி.

பிறகு அறுவடை நடுவே, கம்பைன் மேலேயே,
உன் நெஞ்சு நின்றது.
சாவுக்கு நான் வரவில்லை.
பட்டியலில் நான்தான் மேலே இருந்தேன்,
இருபது டாலர் மேலே.
ஜெயித்தவன் வீட்டுக்கு வந்து
தட்டைத் தொடாமல் எழுந்தேன்.
மலர்வளையம் வேண்டாம் என்று சொல்லி
உன் இங்கெபோர்க்
வந்த பணத்தையெல்லாம் ஒரு நாற்காலியாக்கிவிட்டாள்.

இப்போது பார்,
என் வயலுக்குள் தண்ணீரை விட்டவன்
என் உடம்பிலிருந்து வடிக்கிறாய்.
ஒரு தடவைக்கு இரண்டரை லிட்டர்.
அது எங்கே போகிறது என்று மரிவிக்கைக் கேட்டேன்.
சாக்கடைக்கு, என்றாள்.
சாக்கடை ஊர்க் குட்டைக்கு,
குட்டை நிரம்பினால் ஓடைக்கு,
ஓடை உன் நிலத்தின் வழியாக.
சொல்லிவைக்கிறேன்.
வழக்குப் போட மாட்டாயே.

மூன்றாம் வருஷம் உன் பெயரின் முதலெழுத்தில்
கறுப்பு மை போய்விட்டது.
என் கட்டைவிரல்தான்.
மரிவிக் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை,
மறுநாள் ஒரு திருப்புளியைத் தட்டில் வைத்துவிட்டுப் போனாள்.
தகட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு
பரிசுக் கோப்பைகளில் பெயர் வெட்டுகிறவனிடம் போனேன்.
ஆழமாக வெட்டு,
தேய்க்கிற ஆள் ஒருவன் இருக்கிறான், என்றேன்.
நாற்பது டாலர் ஆகும் என்றான்.
எண்ணிக் கொடுத்தேன்.
அவன் மேஜைமேல் மருத்துவமனைத் தகரடப்பா ஒன்று.
அதில் இருபது.

பழக்கம்.