கைப்பிடிக் கம்பி

ஆயிரத்து இருநூற்றுப் பதினாறு மீட்டர்.
பில் போட்டது நான்தான், அதனால் தெரியும்.
ஒன்றரை அங்குல எஸ்எஸ் பைப், முந்நூற்று நாலு கிரேடு,
வளைவு எண்பத்தெட்டு.
மெய்யனூர்ச் சந்துக்குள் லாரி நுழையாமல்
மூன்று நாள் தள்ளுவண்டியில் கொண்டுபோய் ஏற்றினோம்.
போன இடம் வடக்கே, எங்களில் ஒருவரும்
கால் வைக்காத ஊர், புது மைதானம்.

இன்று அங்கே தொடக்க விழா.
பஃபிங் மோட்டாரை ஐந்து மணிக்கே நிறுத்தியாயிற்று.
முதலாளி கலியவரதன் வீட்டு டிவியை
ஸ்கூட்டரில் போர்வை சுற்றிக் கொண்டுவந்தார்.
தட்டுவடை செட் நாற்பது.
பீட்ரூட் துருவலில் விரலெல்லாம் சிவந்து
மெருகுத் தூளில் முகமெல்லாம் கறுத்து
பதினோரு பேர் உட்கார்ந்தோம்.
"ஒரு டீமு ஆச்சு" என்றான் அன்சர்.

நாற்பத்தோரு கொடிகள் வந்தன.
பெயர் வாயில் நுழையாத தீவிலிருந்து இரண்டே பேர்;
அவர்களுக்குத்தான் அதிகம் கைதட்டினோம்.
எங்கள் அணி கடைசியில்.
வீட்டுக்காரர்கள் கடைசிப் பந்திதானே.

கேமரா வீரர்களைக் காட்டியது.
நாங்கள் அவர்கள் முதுகுக்குப் பின்னால் தேடினோம்.
"அக்கா, அதோ, அதோ, அந்த வளைவு!"
போய்விட்டது. வாணவேடிக்கை.
யாருக்கு வேண்டும் வாணம்.
மறுபடி ஒரு நொடி:
ஒரு குழந்தை கம்பிமேல் தாடையை ஊன்றியிருந்தது.
ஜார்க்கண்ட்காரன் மஹதோ எழுந்துபோய்
டிவிக் கண்ணாடியில் விரல் வைத்தான்.
அந்த மூட்டு அவன் பற்றவைத்தது.
கண் வெந்து இரண்டு நாள்
உருளைக்கிழங்கு வில்லையை இமைமேல் வைத்துப்
படுத்துக் கிடந்தானே, அந்த மூட்டு.

நாட்டுப்பண். எழுந்தோம்.
பள்ளிக்கூடத்தில் எனக்கு அது வெயில், மயங்கி விழாமல் நிற்பது.
கொட்டகையில் அது
பாப்கார்னை எங்கே வைப்பது என்ற குழப்பம்.
இன்றைக்கு என்ன வந்ததோ.
மஹதோவின் உச்சரிப்பும் செல்லக்கண்ணுவின் உச்சரிப்பும்
முட்டிக்கொண்டு முன்னே பின்னே முடிந்தன.
தொண்டையில் ஏதோ நின்றது.
தட்டுவடை என்று தண்ணீர் குடித்தேன்.
போகவில்லை.

இதே நாடுதான்
எங்களுக்கு நாலு லட்சத்து அறுபத்து மூன்றாயிரம் பாக்கி.
வராத பணத்துக்கு ஜிஎஸ்டி கட்டியிருக்கிறேன்.
வாசலில் சாக்கடைக்குத் தோண்டிய குழியில்
போன வாரம் விழுந்த முட்டியில் இன்னும் பிளாஸ்திரி.
அந்த முட்டியோடுதான் விறைத்து நின்றேன்.
பேரேட்டில் இதை எந்தப் பக்கம் எழுத,
வரவா, பற்றா?

நாலாம் நாள் பத்தாயிரம் மீட்டர்.
நம் பெண் ஏழாவது. சரி.
எல்லோரும் முடித்துப் போர்த்திக்கொண்டபின்
அந்தத் தீவுக்காரி மட்டும் ஓடிக்கொண்டிருந்தாள்.
இன்னும் இரண்டு சுற்று.
மைதானம் எழுந்து நின்றது.
ரேஷன் கடையில் வரிசைக்கு அடங்காத நம் ஜனம்
திரையைப் பார்த்து எழுத்துக்கூட்டி
அவள் பெயரைக் கத்தியது.
முடித்தாள். தள்ளாடி ஓரத்துக்கு வந்தாள்.
இரண்டு கையாலும் கம்பியைப் பற்றி
மொத்தப் பாரத்தையும் அதன்மேல் போட்டாள்.

பட்டறையில் ஒரு சத்தமில்லை.
பதினோரு பேரும் மூச்சைப் பிடித்துத்
தாங்கினோம்.
அசையவில்லை.
"நிக்கும்" என்றான் மஹதோ,
தெரிந்த தமிழில். "புடிச்சுக்கோ தீதி."

வெளியே ஏற்காட்டு மலையில் ஏதோ ஒரு வண்டி
வளைவுக்கு வளைவு
விளக்கைக் காட்டி மறைத்து ஏறிக்கொண்டிருந்தது.

மறுநாள் வழக்கம்போல் பாக்கிக்குப் போன்.
"மேடம், இங்கே போட்டி நடந்துகொண்டிருக்கிறது"
என்று அலுத்துக்கொண்டார் அதிகாரி.
எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன்:
"பார்த்தோம் சார். நல்லா நடத்துறோம்."
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"நிஜமாவா?" என்றார்.
"நிஜமா சார்."
அப்புறம்தான் கேட்டேன்,
செக் எப்போது வரும் என்று.