முதுகுக்காற்று

ஆடி பிறந்தால் ஆரல்வாய்மொழியில்
லாரித் தார்ப்பாய்கள் அலறும்.
முப்பந்தலில் நிற்கிற அத்தனை இறக்கையும்
மேற்கே முகம் வைத்துச் சுற்றும்.
அந்த ஊரில்தான்
காற்றுக் கிடைக்காமல் கொதித்தது
ஜெனோவாவின் எஸ்டீம்.

பதினாறு வருஷம் வேறு யாரோ ஓட்டிய வண்டி.
கோவையிலிருந்து பார்சலில் வந்த டர்போவை
வெட்டூர்ணிமடத்தில் என் பட்டறையில்
இரண்டு பேரும் சேர்ந்துதான் மாட்டினோம்,
கரண்ட் போன இரண்டு ஞாயிறுகளையும் சேர்த்து
ஒன்றரை மாதம்.
பம்பருக்குள் இன்டர்கூலர்,
அதன் முதுகில் ஒட்டி ரேடியேட்டர்.
முன்னால் நிற்பவன் குடித்த மிச்சம்
பின்னால் நிற்பவனுக்கு.

நான் டிங்கர். தெரிந்தது வெட்டுவது.
முள் நூறைத் தாண்டியதும்
பம்பரின் வாயைப் பெரிதாக்கினேன்.
நூற்றி நாலு.
இன்னும் பெரிதாக்கினேன்.
நூற்றி எட்டு.
இளித்துக்கொண்டு நின்றது வண்டி,
தொண்டைக்குள் எதுவும் இறங்காமல்.
பானெட்டின் பின்விளிம்பை வாஷர் கொடுத்துத் தூக்கினேன்,
பந்தயப் பையன்கள் செய்வதுபோல.
முன்கண்ணாடியில் முட்டிய காற்று
அந்த இடுக்கு வழியே உள்ளே புகுந்தது என்பது
பிறகுதான் தெரிந்தது.

ஜெனோவாவுக்கு எண்பது மீட்டர் உயரத்தில் வேலை,
காற்றாலையின் மண்டைக்குள் கிரீஸ் போடுவது.
இறங்கி வந்தவள் கையைக்கூடத் துடைக்கவில்லை.
"முன்வாசலத் தொறந்து வச்சா வந்திரும்ணா நெனச்சீரு?
பொறவாசல் உண்டுமாண்ணு பாத்துட்டுதான் அண்ணே
காத்து காலெடுத்து வைக்கும்."

தோவாளையில் பூக்கட்டும் நூல் ஓர் உருண்டை வாங்கினாள்.
விரல் நீளத்தில் அறுபத்திரண்டு துண்டு.
ஒவ்வொன்றின் தலையையும் பானெட்டில் டேப்பால் ஒட்டி
காவல்கிணறு பக்கம் விட்டாள் வண்டியை.
ரூபினின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து
போனில் பிடித்துக்கொண்டே போனேன்.

கண்ணாடி ஓரத்து நூல்கள்
சுருண்டு கிடந்தன. சில
வந்த வழியையே திரும்பிப் பார்த்தன.
முகப்பிலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தவையோ
தகட்டை விட்டு எழுந்து துடித்தன,
மேலே யாரோ வாய் வைத்து உறிஞ்சுவதுபோல.

போகும்போது ஏறிய முள்
திரும்பும்போது தானாக இறங்கியது.
அதே வேகம், அதே கியர், அதே தண்ணீர்.
நான் தெர்மோஸ்டாட்டைத் திட்டினேன்.
அவள் மலையிடுக்கைக் காட்டினாள்.
"போவும்போ நாம அறுவது.
முதுவுல காத்து நாப்பது.
ரேடியேட்டருக்கு மிச்சம் எவ்வளவு?"

கூடவே ஓடி வருகிறவன்
முகத்தில் வீசமாட்டான்.

நூல் எழுந்த இடத்தில் வெட்டினேன்,
இரண்டு பக்கமும் நான்கு நான்கு கீற்று.
வாஷர்களைக் கழற்றி எறிந்தேன்.
ரேடியேட்டர் ஓரத்துச் சந்துகளில்
செருப்புக்கு வெட்டும் ரப்பர் ஷீட்டை அடைத்தேன்,
குறுக்கு வழியில் நழுவுகிற காற்றுக்கு
வேறு வழியே இல்லாதபடி.

மறுநாள் சாயங்காலம்,
அதே முதுகுக்காற்று, அதே ஏற்றம்.
தொண்ணூற்றி மூன்று.
தொண்ணூற்றி மூன்று.
டர்போ விசில் அடித்தது.
நான் முள்ளைப் பார்த்தேன்,
அவள் ரோட்டைப் பார்த்தாள்.

கணவாய் தாண்டும் முன்பே சாரல் பிடித்தது.
என் கீற்றுகள் எட்டும் மழைக்கும் வாசல்.
டிஸ்ட்ரிபியூட்டர் நனைந்து
ஒன்று இருமி, இரண்டு இருமி
ஓரமாக நின்றுவிட்டது வண்டி.

இறங்கி நின்றோம்.
சூடான மேனிஃபோல்டில் விழுந்த துளிகள்
ஆவியாகி
கீற்றுகளின் வழியே ஏறி
கிழக்கே சாய்ந்து போயின.
போகிற வழி முதல்முறையாகக்
கண்ணுக்குத் தெரிந்தது.

"நல்லாத்தான் போவுது," என்றாள்,
தலையில் துப்பட்டாவை இழுத்துக்கொண்டு.
"இனி தண்ணிக்கு ஒரு வழி பாரும்."