மூணாறு தலைப்பில் ஒரு வம்சாவளி

வல்லத்துக் கல்லூரியிலிருந்து
நீரோட்டம் அளக்க வந்தவளிடம் பெயர் கேட்டேன்.
கொக்கு என்று எழுதிவிட்டு நிமிர்ந்தேன்.
கொக்குஸீமா, என்றாள். மீதியையும் எழுதினேன்.
ஊர்: விக்டோரியா ஏரிக்கு மேற்கே.

நீடாமங்கலத்தில் வெண்ணாறு மூன்றாகப் பிரிகிறது.
அஞ்சு மணிக்கு அளவுகோல் பார்ப்பது,
பழுப்பு ரிஜிஸ்டரில் ஏற்றுவது,
ஷட்டருக்கு கிரீஸ் வைப்பது, லஸ்கர் என் வேலை.

வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு:
இதில் யார் மூத்தவர்? என்றாள்.
இருபத்திரண்டு வருஷத்தில் ஒருவரும் கேட்டதில்லை.
அப்பன் பேரை வைத்துக்கொண்டிருப்பவர், என்றேன்.
உடனே ரிஜிஸ்டரைப் பிடுங்கி
கடைசிப் பக்கத்தில் ஒரு கோடு இழுத்தாள்.

வெள்ளைக்காரன் அந்த ஏரியைப் பார்ப்பதற்கு வெகு முன்னால்
ஒரு ராஜா. பிள்ளைகள் ஏழு பேர்.
ஆளுக்கொரு குன்று, வாழைத்தோப்பு,
கன்றும் பசுவும், ஒரு முரசு.
முரசு இருக்கும் இடம்தான் அரசு.
(எனக்கு முரசு தேர்தல் சின்னமாகத்தான் பழக்கம்.)
பிறை கண்ட அன்று அண்ணன் முரசு முதலில் அதிர வேண்டும்.
ஒரு பிறைக்கு மூன்றாமவன் முந்திக்கொண்டான்.
அதிலிருந்து நாலு தலைமுறைக்கு ஈட்டி.
வெட்டிக்கொண்ட வீட்டிலேயே கொள்வினை கொடுப்பினை.
ராஜா செத்தான் என்று சொல்லக் கூடாது,
பால் கவிழ்ந்தது என்பார்களாம்.

ஐந்தாமவன் முரசைத் தூக்க ஆள் வந்தபோது
அவன் அக்காள் அதைக் கவிழ்த்துப் போட்டு
மேலே உட்கார்ந்து வாழைக்காய் சீவினாள்.
வந்தவன் அவளுக்குத் தம்பி முறை.
எழுந்திரு என்று எப்படிச் சொல்வான்?
தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனான்.
நான் அந்த அக்காள் வழி, என்றாள்.
நம்பினேன்.
ஷட்டர் மேடையில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள்.

அன்று ராத்திரி
பாமணிக்காரர்கள் டார்ச்சோடு வந்தார்கள்.
கோரையாற்றில் நாலு அங்குலம் கூடப் போகிறதாம்.
கோரையாற்றுக்காரர்களும் வந்தார்கள்.
முன்னால் நின்ற உத்திராபதியும் வடுகநாதனும் சம்பந்திகள்.
மண்வெட்டியை ஓங்கிக்கொண்டே
பேத்திக்குக் காதுகுத்து என்றைக்கு என்றும்
கேட்டுக்கொண்டார்கள்.
கொக்குஸீமா சிரிக்கவில்லை.
ஏழு பேரும் வந்தாயிற்றா என்று எண்ணினாள்.

அவள் போய் மூன்று வாரம் கழித்து ஆய்வு.
செயற்பொறியாளர் கடைசிப் பக்கம் வரை புரட்டினார்.
இது எந்தக் கிளை வாய்க்கால்?
நான் வாய் திறப்பதற்குள் பச்சை மையில் எழுதினார்:
ஆயக்கட்டு குறிக்கப்படவில்லை. உடன் நிரப்புக.

ராத்திரி வேலையில் நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.
மூத்தவனுக்கு முறைப்படி.
மூன்றாமவன் கேட்டதைக் கொடுத்துவிடலாம், தொல்லை விடும்.
அக்காள் உட்கார்ந்த இடத்தில்
ஒரு புள்ளி மட்டும் வைத்தேன்.
ஏழாமவன் கடைமடை.
அவனுக்கு என்ன எழுதினாலும்
போய்ச் சேர வேண்டுமே.
பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.