இணைப்பு ஏழு

கணபதியில், லேத்துகளின் சந்து முடிகிற இடத்தில்,
ஆடிட்டர் ஆபீஸ் மாடியில்,
என் மேஜைமேல் இரண்டு ஃபைல்.

தடித்தது அன்னூர் ரோட்டுக் கம்பெனியுடையது.
பச்சை நாடா. நூற்றுப் பதினெட்டுப் பக்கம்.
பத்திரச் செலவு முழுக்கத் தள்ளுபடி,
நிலம் பாதி விலை,
மின்வரி ஐந்து வருஷத்துக்கு இல்லை,
கட்டுகிற மாநில ஜிஎஸ்டி
கட்டிய கைக்கே திரும்பி வரும், பத்து வருஷம்.
வரவேண்டியதைக் கேட்டு எழுதுவது என் வேலை.
ஐயா என்று தொடங்கி
ஆவன செய்யுமாறு என்று முடிப்பேன்.

மெல்லியது சென்னியப்பன் அண்ணனுடையது.
மூன்று லேத், ஒரு டிரில்லிங் மிஷின்,
பம்புக்கு ஷாஃப்ட் கடைகிற ஜாப் ஒர்க்.
ரிட்டர்ன் பத்தொன்பது நாள் தாமதம்.
நாளுக்கு ஐம்பது. வட்டி தனி.
ஜனவரியிலிருந்து இரண்டாவது லேத்
சாக்கு போர்த்திக் கிடக்கிறது.
கரண்ட் பில்லில் நிலைக்கட்டணம்
அதற்கும் சேர்த்துத்தான்.
அவருக்கும் ஐயா என்றே தொடங்கினேன்.
எப்படி முடிப்பதென்றுதான் தெரியவில்லை.

"ஒறம்பரைக்குக் கோழி அடிக்கறது தப்பில்லீங் அம்மிணி,"
என்றார், செக்கில் கையெழுத்துப் போட்டபடி.
"யாரூட்டுக் கோழின்னு
ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு அடிக்கலாமுங்கல்ல?"
விரல் ரேகையில் இருந்த கிரீஸ்
செக்கின் மூலையில் பதிந்தது.
பேங்க்கில் திருப்பிவிடுவார்களோ என்று கேட்டார்.
மாட்டார்கள் என்றேன்.

ஆடிட்டர் சார் கண்ணாடியைக் கழற்றாமல் சொல்வார்:
நாம் கொடுக்காவிட்டால் ஆந்திராக்காரன் கொடுப்பான்,
அவன் கொடுக்காவிட்டால் குஜராத்.
அதுவும் பொய்யில்லை.
கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் பார்த்திருக்கிறேன்.
துண்டுக்கு அடியில் இரண்டு கை.
விரல் பிடித்து, விரல் விட்டு, விலை நடக்கும்.
வெளியே நிற்பவனுக்குத் துண்டின் அசைவு மட்டும்.
ஒப்பந்தத்தன்று பேப்பரில் வந்த போட்டோவில்
இரண்டு பேர் கைகுலுக்கிக்கொண்டு நின்றார்கள்.
துண்டு தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் சந்தையில் ஒரு முறை உண்டு.
மாட்டை விற்றாலும் கயிற்றைக் கொடுக்கமாட்டார்கள்.
உருவித் தோளில் போட்டுக்கொண்டு
பஸ் ஏறிவிடுவார் விற்றவர்.
நூற்றுப் பதினெட்டுப் பக்கத்திலும் தேடினேன்,
நம் கயிறு எந்தப் பக்கத்தில் என்று.

இணைப்பு ஏழு:
புதிதாக உருவாக்கப்பட்ட வேலைவாய்ப்புகள்.
பெயர், தகப்பன் பெயர், ஊர், சேர்ந்த தேதி, குறிப்பு.
நானூற்றுப் பன்னிரண்டாவது வரியில்
என் தம்பி மௌலீஸ்வரன்.
போன டிசம்பர் வரை அவன்
அந்த இரண்டாவது லேத்தில் நின்றவன்.

எங்கிருந்து வந்தான் என்று படிவத்தில் கட்டம் இல்லை.
அங்கே ஒன்று கூடியிருக்கிறது.
சந்துக்குள் ஒன்று குறைந்ததை
எந்த ஃபைலில் சேர்ப்பது?

அவனைக் கேட்டால் வேறு கணக்கு.
கீரணத்தம் பிரிவுக்கே ஏசி பஸ் வருகிறது.
பி.எஃப். பிடிக்கிறார்கள். சேஃப்டி ஷூ.
கேன்டீனில் தினமும் ஒரு வாழைப்பழம்,
அதைச் சாப்பிடாமல் அம்மாவுக்குக் கொண்டு வருகிறான்.
இடது கட்டைவிரல் நகம்
முழுசாக வளர்ந்திருக்கிறது,
ஆறு வருஷத்தில் முதல் தடவை.
அந்த நகத்தை நான் எந்தத் தலைப்பில் கழிப்பேன்?

"போனது சரிதானுங்,"
படியிறங்கும்போது சென்னியப்பன் அண்ணனும் சொன்னார்.
"நான் குடுத்த கூலிக்கு
அவன் அத்தன நாள் இருந்ததே பெருசு."

சாயங்காலம் ஆறு மணி.
உச்சநேரக் கட்டணத்துக்கு முன்னால்
சந்தில் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.
அதுவரை இருந்தது தெரியாத சத்தம்
நின்றபோது தெரிந்தது.
மெயின் ரோட்டில் கம்பெனி பஸ்,
உள்ளே எல்லா விளக்கும் எரிய.

குறிப்பு என்ற கடைசிக் கட்டம்
நானூறு சொச்சம் பேருக்கும் காலி.
தம்பியின் வரிக்கு எதிரே பென்சிலால்
சென்னியப்பன், இரண்டாவது லேத் என்று எழுதினேன்.
சித்த நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு ரப்பர் எடுத்து அழித்தேன்.
சாய்த்துப் பிடித்தால் இன்னும் தெரிகிறது.
ஜெராக்ஸில் விழாது.