அறுபது சொல்

அறுபது சொல். அதைத் தாண்டினால்
கட்டைவிரல் நகர்ந்துவிடுமாம்.
வின்னிபெக்கிலிருந்து ஆபிராம் டூர்க்சன் சொன்னார்:
"நின்றுகொண்டு படிப்பவர்களுக்கு எழுதுகிறாய், எல்ஃப்ரீடா.
முழங்காலில் இருப்பவர்களுக்கு இல்லை."

பகலில் எனக்குத் தானியக் கிடங்கின் எடைமேடை.
லாரி ஏறும், எண் வரும்.
கோதுமையைக் கொட்டிவிட்டு மறுபடி ஏறும், எண் இறங்கும்.
அப்புறம் ஒரு கைப்பிடி எடுத்துச் சலிப்பேன்.
பதர், மண், களைவிதை எத்தனை சதவீதமோ
அதையும் கழிப்பேன்.
விவசாயிகள் என்னோடு சண்டைக்கு வருவது
இந்தக் கடைசிக் கழித்தலுக்குத்தான்.
கர்த்தர் தந்த மழைக்கு யாரும் சண்டை போட்டதில்லை.
இல்லை, அது பொய். போன ஆகஸ்டில் போட்டார்கள்.

இரவில் அதே சல்லடை, என் சொற்களுக்கு.

இந்த வாரத் தியானத்துக்குத் தலைப்பு: நம்பிக்கை.
பள்ளத்தாக்கு என்று ஆரம்பித்தேன்.
மானிடோபாவில் ஏது பள்ளத்தாக்கு?
நாய் ஓடிப்போனால் மூன்று நாள்
அது ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்
என்பது எங்கள் பக்கத்துப் பழைய கேலி.
அடித்தேன்.
புயலுக்குப் பின் அமைதி என்றேன்.
அதைப் போன வாரமே மார்கிரெட் எழுதிவிட்டாள்,
அதற்கு முந்தின வாரம் நான்.

யார் படிக்கிறார்கள்?
எண்ணெய் வயல் முகாமில்
பூட்ஸ் கயிறு கட்டியபடி ஒருவன்.
நான்காம் மாடியிலிருந்து இரண்டாம் மாடிக்கு
லிஃப்டில் இறங்குவதற்குள் ஒரு நர்ஸ்.
இருவரையும் நானாகக் கற்பித்துக்கொண்டேன்.
டாரில் நிஜம். என் மகன்.
ஐந்து மாதமாக ஃபோன் இல்லை.
ஒவ்வொரு தியானத்தையும்
நாற்பதாவது சொல்வரை அவனுக்குத்தான் எழுதுகிறேன்.
பிறகு அவனை எடுத்துவிடுகிறேன்.

இன்று காலை நடந்தது இது.
எங்கள் குளிரில் எஞ்சினுக்கும் ஒரு மின்கம்பி உண்டு.
ராத்திரி அதைச் செருகாவிட்டால்
விடியும்போது கார் ஒரு பாறை.
நான் மறந்திருந்தேன்.
கதவைத் திறந்தால்
ஆரஞ்சு நிறக் கம்பி பனிக்குமேல் நீண்டு
சுவர்வரை போய்ச் செருகியிருந்தது.
வலப்பக்கத்து வீட்டில் கார்னி ஹீபர்ட்,
நாலு சதவீதப் பதருக்காக
இனி உன் முகத்தில் விழிக்கமாட்டேன் என்றவர்.
இடப்பக்கம் மணிலாவிலிருந்து வந்த ரோஸ்லின்,
மூன்று மணிக்கே பேக்கரிக்குக் கிளம்புகிறவள்.
நான் கேட்கவில்லை.
கேட்டால் ஒருவர்தான் மிஞ்சுவார்.

எழுதினேன். நூற்றுப் பன்னிரண்டு சொல் வந்தது.
முதலில் கிருபை போயிற்று.
அப்புறம் அற்புதம், அளவற்ற, அன்பின்.
'அதுபோலவே நம் வாழ்விலும்' என்ற வாக்கியத்தில்
வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.
இருபது வருடமாக என் எல்லாத் தியானமும்
அந்தக் கீலில்தான் திரும்பும்.
எடுத்தேன். பல் விழுந்த இடம்போல
நாக்கு அங்கேயே போய்வந்தது.

மிச்சம்:

*இன்று காலை குளிர் மைனஸ் முப்பத்தெட்டு.
ராத்திரி என் காரின் கம்பியைச் செருக மறந்துவிட்டேன்.
யாரோ செருகியிருக்கிறார்கள்.
காலடித் தடத்தைக் காற்று மூடிவிட்டது.
வேலைக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.*

டூர்க்சன் கூப்பிட்டார்.
"இருபத்தொரு சொல்தானே? பாடம் எங்கே?
ஆண்டவர் எங்கே?"
எனக்குத் தெரியவில்லை என்றேன்,
வலப்பக்கமா இடப்பக்கமா என்று.
அவர் சிரிக்கவில்லை.
"இன்னும் முப்பத்தொன்பது பாக்கி இருக்கிறது, எல்ஃப்ரீடா."
இருக்கட்டும்.
நான் கற்பித்த அந்த நர்ஸ்
இரண்டாம் மாடி வரும்முன் படித்துமுடித்துவிட்டு
கதவு திறக்கும்வரை
சும்மா நிற்கட்டும்.

ஃபோனை வைத்துவிட்டு
பூட்ஸ் மாட்டிக்கொண்டு வெளியே போனேன்.
ஹீபர்ட் வீட்டில் சமையலறை விளக்கு மட்டும்.
கம்பியை நானே செருகினேன்,
இன்றைக்கு மறக்காமல்.
கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.