அம்பு ஸ்டிக்கர்

பனியன் துணியில் ஓட்டை, எண்ணெய்க் கறை,
விட்டுப்போன தையல்:
கண்டதும் சின்னச் சிவப்பு அம்பை ஒட்டித்
தள்ளிவைப்பது என் வேலை.
காங்கயம் ரோட்டில் கம்பெனி. பதினோரு வருசம்.

மூணு நாள் காய்ச்சல்தான்.
நாலாம் நாள் விட்டுவிட்டது என்று
ஷிப்டுக்குப் போயிருந்தேன்.
பத்தரைக்குப் பக்கத்து வீட்டுப் போன்:
"அம்முணிக்குக் கண்ணு ஒரு பக்கமா இழுக்குது,
கூப்பிட்டாத் திரும்ப மாட்டேங்குது."
பாதி பார்த்த கட்டு மேசைமேல் கிடந்தது.
அந்த இருநூறு பீசுக்குக் கூலி இன்னும் வரவில்லை.

கோயமுத்தூருக்கு ஆம்புலன்ஸ்.
அவினாசி தாண்டும்போது மறுபடி வலிப்பு.
முதுகுத்தண்டில் ஊசியிட்டு நீர் எடுக்க
நர்ஸ் அவளை வளைத்துப் பிடித்தார்.
நான் வராந்தாவில்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கினார்.
"வைரஸ் மூளை வரைக்கும் போயிருக்குங்கம்மா.
வெள்ளையாத் தெரியறது வீக்கம்."
அவர் விரல் போகுமுன் என் கண் போயிருந்தது.
இடப்பக்கம் ரெண்டு. உள்ளே தள்ளி ஒன்று.
அதை அவர் காட்டவில்லை.

எந்த வைரசுங்க?
"சில குழந்தைகளுக்குக் கடைசி வரைக்கும் தெரியறதில்லை."

எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு குற்றத்துக்கும்
ஒரு மெஷின் நம்பர் உண்டு.
நிட்டிங்கா, சாயமா, தையலா, சொல்லியாக வேண்டும்.
தண்ணித் தொட்டி என்றார் வீட்டுக்காரர்.
பள்ளிக்கூடம் என்றேன் நான்.
ஸ்கூட்டர் ஸ்டாண்டில் நின்று
அதற்கொரு சண்டை.

இருபத்தி மூணாம் நாள் வீடு.
நடக்கிறாள். சாப்பிடுகிறாள்.
பொருள்கள் இருக்கின்றன, பேர்களைக் காணோம்.
சீப்பைக் "கதவு" என்கிறாள்.
தண்ணி வேண்டுமென்றால் "செருப்பு".
தம்பியைப் பார்த்து "இவன்... இவன்..." என்று
அவன் தலைமுடியைத் தடவுகிறாள்.
வலிப்பு மருந்து ராத்திரியும் காலையும்
அஞ்சு மில்லி, சிரிஞ்சில்.

ஞாயிற்றுக்கிழமை வேலிமேல்
ஒரு ஒடக்கான் தலையாட்டியது.
சஷ்விகா கை நீட்டினாள்.
வாய் திறந்து நின்றது.

உடனே எடுத்துக் குடுத்தராதீங்க,
பத்து எண்ணுங்க என்று
பேச்சுப் பயிற்சிக்காரம்மா சொல்லியிருந்தார்.
நாக்கு நுனியில் ஒடக்கானை வைத்துக்கொண்டு
எண்ணினேன்.

நாலு. அஞ்சு.
ஒடக்கான் போய்விட்டது.
ஏழில் சொன்னாள்: "செருப்பு."

காலி வேலியைப் பார்த்தாள்.
என்னைப் பார்த்தாள்.
முகம் சுருக்கி, மெதுவாக,
"இல்ல" என்றாள்.

எட்டு.