ஆவி

மைனஸ் பதினேழு.
புளஃபர்ஸ் பார்க் கரையில்
காலை ஏழேகாலிலிருந்து
நான் செத்துக் கிடந்தேன்.

பாட்டு நாலு நிமிடம் பன்னிரண்டு செக்கன்.
முதல் சரணத்தில் காதலிப்பேன்,
இடையிசையில் சண்டை பிடிப்பேன்,
இரண்டாம் சரணத்தில் ஏரி என்னை விழுங்கிக்
கரையில் துப்பும்.
காதலையும் சண்டையையும் போன சனிக்கிழமை
யாரோ ஒருவரின் பேஸ்மென்டில் எடுத்தாயிற்று.
மிச்சம் சாவு மட்டும்.

சாவுதான் சுகம் என்று நினைத்திருந்தேன்.
வாயசைப்பு இல்லை.
முகத்தில் ஒன்றும் வரக்கூடாது.
எனக்கு எப்படியும் ஒன்றும் வராது என்று
சாருகனே சொல்லியிருக்கிறான்.

"கட்! அண்ணை, உங்கட ஆவி போகுது!"

என் மூக்கிலிருந்து வெள்ளையாய் ஒரு சுருள்
ஏரிப் பக்கம் மெல்லப் போய்க்கொண்டிருந்தது.
கமராக்காரன் சிரித்தான்.
லைட் பிடித்த பொடியன் குனிந்து சிரித்தான்.
ஊரில் ஆவி போனால்தான் பிணம்.
இங்கே அது போகப் போக
நான் பிணமில்லை என்று ஆகிக்கொண்டிருந்தது.

வாய்க்குள் ஐஸ் வைத்தால் மூச்சு தெரியாதாம்.
டிம் ஹோர்ட்டன்ஸில் அந்தக் குளிரில்
ஒரு கோப்பை நிறைய ஐஸ் மட்டும் கேட்டவனை
அந்தப் பிள்ளை எப்படிப் பார்த்திருக்கும்.

பிறகு நிரோஜினி வந்தாள்.
கிழமை நாட்களில் மார்க்கம் ரோட்டில்
பல் டாக்டரிடம் வேலை.
கிளிசரின் போத்தல் கோட் பைக்குள்,
மூடி திறக்காமல்.

மெதுவாய் நகரவேண்டிய காட்சி,
அதனால் பாட்டை இரட்டை வேகத்தில் ஓடவிட்டார்கள்.
அத்தனை பெரிய ஒப்பாரி
அணிலின் குரலில் கீச்சிட்டது.
அதற்குத்தான் அவள் அழவேண்டும்,
அதுவும் இரட்டை வேகத்தில்.

ஓடி வந்தாள். முழங்கால் பனியில் புதைந்தது.
என் தலையை மடியில் தூக்கினாள்.
"ஏதாவது கதையுங்கோ அக்கா,
சத்தம் எடுக்கேல்லை" என்றான் சாருகன்.

அவள் குனிந்தாள்.
அவளின் தலைமயிர் என் முகத்தை மூடியது.
காதுக்குள் சொன்னாள்:

"மூண்டு தரம் அடிச்சனீ.
நான் எடுக்கேல்லை.
கறி அடுப்பில இருந்தது.
பிறகு எடுப்பம் எண்டு விட்டிட்டன்.
கறி அடுப்பில இருந்தது."

கண் மூடியிருந்தேன்.
ஐஸ் நாக்கை எரித்தது.
யார் அடித்தது, எங்கிருந்து,
எந்த வருடம்,
பிணம் கேட்கமுடியாது.

இடது கண்ணின் ஓரத்தில் ஒரு துளி
வந்து அங்கேயே உறைந்தது.

"அதை எடிட்டில துடைச்சிட்டன் அண்ணை,
ஒருத்தருக்கும் தெரியாது,"
பிறகு சாருகன் சொன்னான்.

வீடியோ வந்தது.
அந்த இடத்தில் வயலின்.
அவள் குனிகிறாள், குனிகிறாள்,
குனிந்து முடிய ஒரு யுகம்.
என்ன நடிப்பு என்றார்கள், அவளை.
பிணமும் நல்லது என்றார் என் மானேஜர்.

மார்ச்சில் ஒருநாள் நூற்றிரண்டு பஸ்ஸில்
எனக்கு முன் இருக்கையில் அவள்.
திரும்பாமலே கேட்டாள்:
"அண்டைக்கு உங்களுக்குக் கேட்டதோ?"

"ஐஸ் வாயிலதானே வைச்சவை."

அவள் சிரிக்கவில்லை.
கண்ணாடியில் படிந்த மூச்சைக்
கையுறையால் ஒருமுறை துடைத்தாள்.
எல்ஸ்மியரில் மணி அடித்து இறங்கினாள்.

இப்போதெல்லாம்
தெரியாத நம்பரையும் எடுக்கிறேன்,
குளிக்கும்போதும், அடுப்பில் ஏதும் இருந்தாலும்.
பெரும்பாலும்
டக்ட் கிளீனிங்காரர்தான்.